நாற்பதைத் தாண்டாத வேன்

குணசேகரனின் ஷெட்டில் அந்தப் புதன்கிழமை காலை இருந்தவர்கள் நான்கு பேர். சந்தானம், அவர் மனைவி உஷா, மகள் சௌம்யா, ஷெட்டுக்குச் சொந்தக்காரரும் மெக்கானிக்குமான குணசேகரன். வேறு யாரும் இல்லை. லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்ததாகவும், டீ கொண்டுவந்தவர் எதையோ கண்டு பயந்ததாகவும் பிற்பாடு சிலர் சேர்த்துச் சொன்னார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான்கு பேர்தான்.

பதின்மூன்று வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வேன் அன்று முதல் தடவையாக ஸ்டார்ட் ஆனது. எஞ்சினை முழுதாக இறக்கி, சிலிண்டர்களை ரீபோர் செய்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு, கிராங்கைக் கடைந்து, ஏழு வாரம் உழைத்திருந்தார் குணசேகரன். அந்தப் பழைய வேனில் எஞ்சின் முன்னால் மூக்குக்குள் இருக்காது. ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், ரெக்ஸின் ஒட்டிய ஒரு தகரப் பெட்டிக்குள், வண்டிக்கு உள்ளேயே இருக்கும். ஓட்டுகிறவரின் இடது முழங்கால் அதன்மேல் உரசிக்கொண்டே போகும். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார் குணசேகரன். மூன்று முறை இருமி, வெள்ளையாய்ப் புகை கக்கி, பிறகு எஞ்சின் ஒரு சீராகப் பிடித்துக்கொண்டது.

"கேளுங்க சார். தையல் மெஷினாட்டம் இல்லீங்களா?" என்றார். சங்ககிரியிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் கொங்குப் பேச்சு போகவில்லை; அதோடு ஹைதராபாத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சந்தானத்துக்கு யாருடைய சொல்லும் போதாது. தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். அவர் கையெழுத்து விழாமல் ஒரு திருகாணிகூட வாசலைத் தாண்டியதில்லை. சட்டைப் பையிலிருந்து முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளை எடுத்து, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, தாளை அதன்மேல் வைத்தார். இது பழைய சோதனை. ஓடுகிற எஞ்சினிலிருந்து அந்த வாய் வழியாகக் கொஞ்சம் காற்று வெளியே வரும். தேய்ந்த எஞ்சின் என்றால் புகையோடு குபுகுபுவென்று தள்ளும். நன்றாக வேலை செய்த எஞ்சின் தாளை லேசாகப் படபடக்க வைப்பதோடு சரி. எப்படியானாலும் வெளியேதான் வரும்.

தாள் படபடக்கவில்லை. வாயோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் குழி விழுந்தது. யாரோ உள்ளேயிருந்து உதட்டை வைத்து இழுப்பதுபோல, மெல்ல, விடாமல் இழுபட்டது. பிறகு தளர்ந்து எழுந்தது. மறுபடி ஒட்டிக்கொண்டது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எஞ்சின் நிமிடத்துக்கு எழுநூறு சுற்றுக்குக் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தாள் நிமிடத்துக்குப் பதினாறு முறை ஏறி இறங்கியது.

குணசேகரன் அப்போது மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சௌம்யா செல்போனில் தன் ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, எப்படி இருக்கு?" என்று கேட்டாள் உஷா.

சந்தானம் தாளைக் கசக்கிப் பையில் போட்டு, மூடியைத் திருகினார். "பாஸ்" என்றார்.

சந்தேகம் இருக்கும் பொருளை அவர் பாஸ் செய்தது அதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் இருந்தது. சௌம்யாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பையன் அமெரிக்காவில், அவன் அப்பா நாராயணஸ்வாமி சென்னையில். சந்தானம் இருக்கும் குஷாய்குடாவில் நல்லது செய்கிற யாரோ ஒருவர் நாராயணஸ்வாமிக்கு ஃபோன் போட்டு, சந்தானத்தின் வேனில் ஓர் ஆள் செத்தான், அதை அமுக்கிவிட்டார்கள், விசாரித்துச் சம்பந்தம் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். நாராயணஸ்வாமி மரியாதையான மனிதர். சுற்றி வளைத்துத்தான் கேட்டார். சந்தானத்தின் இடத்தில் வேறொருவர் இருந்தால் இரண்டு வார்த்தையில் மறுத்துவிட்டுப் போயிருப்பார். சந்தானம் அப்படிச் செய்யவில்லை. "நீங்களும் மாமியும் வாங்கோ. அதே வேன்ல உங்களை யாதகிரிகுட்டா நரசிம்மர் கோயிலுக்கு நானே அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எஞ்சின் வேலைக்கே விட்டார். சொன்ன சொல்லிலிருந்து இறங்கினால் ஃபோன் போட்டவன் சொன்னது உண்மையாகிவிடும். சௌம்யாவின் கல்யாணமும் அதோடு போய்விடும்.

ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது குணசேகரன் ஜன்னலோரம் வந்து நின்றார். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டவே தாண்டாதீங்க. புது மாப்பிள்ளையாட்டம், அலுங்காம நடத்தோணும். ஐநூறுல ஆயில் மாத்தோணும். நடுவுல நானே வந்து பார்க்கறேனுங்க."

வியாழனிலிருந்து மூன்று நாளும் காலையில் சந்தானம் தனியாகவே வேனை எடுத்துக்கொண்டு கீசரா சாலையில் போய்வந்தார். புது எஞ்சினைப் பழக்க வேண்டும். பெட்டியை மூடித் திருகு முடுக்கியிருந்தாலும் இடது முழங்காலில் அது தெரிந்தது. மூடியும் தகரமும் சேருகிற இடுக்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பு வந்து காலைத் தொடும். பிறகு அதே இடத்தில் வேட்டியின் ஓரம் இடுக்கை நோக்கி மெல்ல இழுபடும். மூன்றாவது நாள் அவர் ரேடியேட்டர் தண்ணீரின் அளவு பார்த்தார், குறையவில்லை. டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார், டீசல் கலக்கவில்லை. காற்று உள்ளே போக வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தார். வழியில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

நான்காம் நாள், ஞாயிறு விடியலில், வண்டியை எடுக்கும் முன், எஞ்சின் பனி பிடித்துச் சில்லென்று கிடக்கும்போதே மூடியைத் திறந்து காலண்டர் தாளை வைத்தார்.

தாள் இறங்கியது. ஏறியது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. தூங்குகிறவனின் கணக்கு.

அப்போதுதான் வாடை வந்தது. ஆயில் வாடைக்கு அடியில், புது பெயின்ட் வாடைக்கு அடியில், ஈரமாய், இனிப்பாய், ஏலக்காய். குடித்த நாற்றம் தெரியாமலிருக்க ஏலக்காய் மெல்லுகிற ஒருவன் அவர் வீட்டில் இருந்தான். அவர் தம்பி ரமணி.

இந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வருடத்துக்கு முன் காசியிலிருந்து இந்த வேனில் திரும்பி வந்தார்கள். பலகைக் கட்டில் இரண்டு, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, திரைச்சீலை என்று சந்தானமே உட்கார்ந்து செய்த வீட்டு வண்டி. நாக்பூரில் உஷாவின் அண்ணன் வீட்டில் தங்கினார்கள். அங்கே, சாப்பாட்டு வேளையில், அத்தனை உறவுக்கு முன்னால், குடித்திருந்த ரமணி அண்ணனை வாடா போடா என்று பேசினான். இலையில் கையை உதறினான். அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். வழியில் பெருமழை. சாலையோரம் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, பேட்டரி தளர்ந்திருந்ததால் மின்விசிறிக்காக எஞ்சினை ஓடவிட்டபடியே படுத்தார்கள். அடியில் புகைக்குழாய் ஓட்டையாகியிருந்தது.

தலை பிளக்கிற வலியோடு விழித்த சந்தானம், நினைவில்லாமல் கிடந்த உஷாவையும் பதினான்கு வயது சௌம்யாவையும் இழுத்து மரத்தடியில் போட்டார். மழைக்காற்றில் இருவருக்கும் மூச்சு திரும்பியது. பிறகு அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். பின்பலகையில் ரமணி. மூச்சு இருந்தது. வெளியே நின்றவருக்கே கேட்டது. நீளமாக, நிதானமாக. எஞ்சினை அணைக்கும் கறுப்புக் குமிழ் டேஷ்போர்டுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தால் போதும்.

சந்தானம் கதவைச் சாத்தினார். மழை உள்ளே அடிக்கும் என்று சாத்தியதாகத் தனக்குச் சொல்லிக்கொண்டார். கால் மணி நேரம் நின்றார்.

டாக்டர் ஹார்ட் என்று எழுதிக் கொடுத்தார். எழுத வைத்தவர் சந்தானம். ஆஸ்பத்திரியில் போனான் என்று ஊருக்குச் சொன்னார்கள். உஷாவுக்கே அதற்கு மேல் தெரியாது. அந்தப் பெயர் அதன்பின் வீட்டில் உச்சரிக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து பேரோடு வேன் கிளம்பியது. முன்னால் சந்தானத்தின் பக்கத்தில் நாராயணஸ்வாமி, நடுவில் எஞ்சின் பெட்டி. பின்னால் பலகையில் உஷா, சௌம்யா, நாராயணஸ்வாமியின் மனைவி ராஜம். வேனை நிறுத்திவிட்டு டாக்ஸி பேசலாம் என்று வாசலில் நிற்கும்போதுகூட ஒரு கணம் சந்தானத்தின் நாக்கு நுனிவரை வந்தது. ராஜம் மாமி பலகையைத் தட்டிப் பார்த்து, எங்காத்துக் கட்டிலைவிட நன்னா இருக்கே என்று சொல்லிவிட்டாள். அவர் சாவியைத் திருப்பினார்.

வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. பால் வண்டி தாண்டிப் போயிற்று. ஷேர் ஆட்டோ தாண்டிப் போயிற்று. "சம்பந்தி, இந்த வேகத்துல போனா நரசிம்மரே பொறுமை இழந்து மலையிறங்கி எதிர வந்துடுவார்" என்றார் நாராயணஸ்வாமி. பின்னால் சிரித்தார்கள். சௌம்யா, மாப்பிள்ளை ஊரில் கார்கள் நூறில் போவதைப் பற்றி என்னவோ சொன்னாள். சந்தானமும் சிரித்தார். முழங்காலில் வெதுவெதுப்பு வந்து போனது. பதினாறு. பதினாறு.

புவனகிரிக் கோட்டைப் பாறை கண்ணில் பட்டபோது நாராயணஸ்வாமி குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. ஒரு தடவை கேட்டுட்டா என் மனசு ஆறிடும். உங்க தம்பி போனது இந்த வண்டியிலயா?"

முழங்காலில் இருந்த காற்று நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, மூச்சு மட்டும் நின்றது. பெட்டியின் ரெக்ஸின் அசையவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறவனின் அமைதி.

"இல்லை. ஆஸ்பத்திரியில. ஹார்ட்."

"எனக்கு அது போறும்" என்றார் நாராயணஸ்வாமி. இனி அந்தப் பேச்சே கிடையாது என்று சந்தானத்தின் கையைத் தட்டினார்.

ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. ஏலக்காய்.

தரிசனம் நன்றாக நடந்தது. திரும்பும்போது மலையடிவாரத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள். நாராயணஸ்வாமி, காலை நீட்ட வேண்டும் என்று பின்பலகைக்குப் போய்விட்டார். வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடிகள் எல்லாவற்றையும் சந்தானம் தன் கையாலேயே இறக்கிவிட்டார். சரக்கொன்றையின் தூசியும் வயல் ஈரமும் கலந்த காற்று வேனுக்குள் புகுந்து திரைச்சீலையை உப்ப வைத்து மறுபக்கம் போனது. புது புகைக்குழாய். அதையும் அவர் படுத்துக்கொண்டு கீழேயிருந்து பார்த்திருந்தார். பேச்சு மெல்லக் குறைந்தது. ராஜம் மாமி ஏதோ ஸ்லோகத்தைப் பாதியில் விட்டாள். சௌம்யாவின் வளையல் சத்தம் நின்றது. உண்ட களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

பீபிநகர் தாண்டி எதிரில் லாரி ஒதுங்கியபோது, தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

நால்வரும் தூங்கினார்கள். நால்வரின் வாயும் திறந்திருந்தது. ஒரே அளவு.

உஷாவின் மார்பு ஏறியது. சௌம்யாவின் மார்பு ஏறியது. ராஜம், நாராயணஸ்வாமி. ஒன்றாக ஏறி, ஒன்றாக நின்று, ஒன்றாக இறங்கின. அதே கணத்தில் அவர் முழங்காலில் வெதுவெதுப்பு வந்து தொட்டது.

மறுபடி.

மறுபடி.

காட்கேசருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். சூடான, தளர்ந்த கன்னம். கண் திறக்கவில்லை. புகை என்றால் எனக்கும் தலை வலிக்க வேண்டுமே என்று அவர் புத்தி கேட்டது. முன்னால் ஓடி வந்து கறுப்புக் குமிழை இழுத்தார்.

எஞ்சின் அணைந்தது.

அமைதி. மரத்தில் காக்கை. தகரம் ஆறுகிற டிக், டிக்.

பின்னால் எந்த மார்பும் ஏறவில்லை.

அவர் எண்ணினார். இருபது. முப்பது. உஷாவின் உதடு சாம்பல் நிறமானது. நாற்பது. சௌம்யாவின் நகக்கண் நீலமானது. ஐம்பதில் அவர் கை தானாகச் சாவிக்குப் போயிற்று. எஞ்சின் பிடித்தது. நான்கு வாய்களும் ஒரே சத்தத்தோடு காற்றை இழுத்தன.

வண்டிக்குள் இருப்பதுதான் ஆகவில்லை என்று நினைத்தார். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, அறுபத்தெட்டு வயதில் மகளைத் தோளில் தூக்கி இறக்கினார். பத்தடி போனார். தோளில் கனம் கூடியது. அவள் மூச்சு நின்றிருந்தது. திரும்பி ஓடி, பலகையில் போட்டார். வந்தது.

ஒரே முடிவு மூன்று முறை வந்தால்தான் அது முடிவு. தொழிற்சாலையில் அதுதான் விதி. இரண்டு முறை வந்தாயிற்று. மூன்றாவது முறை பார்க்க அவரால் முடியவில்லை.

சௌம்யாவின் செல்போனிலிருந்து குணசேகரனைக் கூப்பிட்டு, கேனில் டீசல் கொண்டுவரச் சொன்னார். வேறு யாரைக் கூப்பிடுவது? ஆம்புலன்ஸ் வந்தால் இறக்கச் சொல்வார்கள். ஏன் இறக்கக் கூடாது என்று கேட்பார்கள். அதற்கான பதில் பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும்.

குணசேகரன் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. டீசலை ஊற்றினார். காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். முகம் மாறியது.

"எத்தனை நேரமா நின்ன இடத்துல ஓடவிட்டிருக்கீங்க? புது ரிங்குங்க, இப்படிப் போட்டா தாங்காது. அணைங்க, ஆயில் பார்க்கோணும்."

"ஓடட்டும்."

"நக்கோ சார், வேண்டாங்க. அங்க பாருங்க."

டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியது. அணைந்தது. மினுக்கியது. எஞ்சினை நிறுத்தாமல் ஆயில் அளவு பார்க்க முடியாது என்பது சந்தானத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அம்மாவெல்லாம் தூங்கறாங்களா?"

"தூங்கறா."

குணசேகரன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கறுப்புக் குமிழைத் தேடினார். சந்தானம் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் குணசேகரன் கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். சாலையில் போன இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். யாரோ தெலுங்கில் என்ன என்று கேட்டார்கள்.

சிவப்பு விளக்கு இப்போது மினுக்கவில்லை. எரிந்தது. அடியிலிருந்து உலர்ந்த ஒரு சத்தம். இரும்பில் இரும்பு.

சந்தானம் முதுகை வளைத்தார். யாருக்கும் வளையாத முதுகு. பெட்டியின் இடுக்கில் வாயை வைத்தார்.

"ரமணி" என்றார். "நான்தான் கதவைச் சாத்தினேன்."

பெட்டி மூச்சை உள்ளே இழுத்தது. ரெக்ஸின் ஒட்டிக் குழிந்தது. பின்னால் நால்வரும் இழுத்தார்கள். நான்கு மார்புகள் நிறைந்து ஏறின.

அப்படியே நின்றன.

வெளியே விடவில்லை. உஷா. சௌம்யா. வாய் திறந்தபடி. எஞ்சின் ஓடியது. விளக்கு எரிந்தது. யாரும் இழுத்து அணைத்துவிடாதபடி அவர் குமிழின்மேல் இரண்டு கையையும் குவித்து வைத்துக்கொண்டு எண்ணினார்.

அறுபது.

எழுபது.

பெரியவருக்கு வயதாகிவிட்டது, எஞ்சினை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தார் என்று காட்கேசரில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. சந்தானம் மறக்கவில்லை.